புற்றுநோயில் ஒருவரை வீட்டிலேயே பறிகொடுத்தவர்களிடம்: முதலில் எதை ஆராயச் சொல்வீர்கள்?

மேட்டு லயத்து மகள் கேட்கிறார்:

வணக்கம். இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே ஆசிரியையாக இருப்பவள் நான். என் அண்ணன் மகள் தாதியியல் பட்டப்படிப்பில் கடைசி வருடம் படிக்கிறாள். ஆய்வுக்குத் தலைப்புக் கொடுக்க வேண்டிய நேரம். புற்றுநோய் முற்றியவர்களின் வலியையும் தொந்தரவுகளையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பைப் பற்றிச் செய்யலாம் என்று இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், "அத்தை, அப்பாயியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நீங்கள்தானே, எதை ஆராய்ந்தால் உங்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும்?" என்று கேட்டாள். அம்மாவின் நோய்க்காலம் முழுவதிலும் படித்தவர்கள் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அவள் கையில் மாதிரித் தலைப்புகள் அடங்கிய ஒரு தாளும் இருந்தது. முதல் தலைப்பு, "பராமரிப்பாளர்களின் அறிவும் மனப்பாங்கும்." எங்கள் அறிவை அளந்து புள்ளி போடப்போகிறார்களாம். அதை அப்படியே மடித்து அவளுடைய பைக்குள் வைத்துவிட்டேன்.

அம்மா கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் மலைக்குப் போகும்போதே மடியில் இருக்கும். கன்னத்தின் உட்புறத்தில் முதலில் வெள்ளையாக ஒரு படை, பிறகு புண். கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். கொஞ்ச காலம் அடங்கியிருந்தது. மறுபடி வந்தபோது கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று சொல்லி, மோர்பின் குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்குள் நடந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, நடுவில் பலகைத் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் குடும்பம்.

நான் ஆராயச் சொல்வது முதலில் இரவை. மோர்பினை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்னார்கள். பகலில் பிரச்சினை இல்லை. இரவு இரண்டு மணிக்கு வலி மீறினால் இடையில் இன்னொன்று கொடுக்கலாமா? கிளினிக் கொப்பியில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன். இதற்கான பதில் அதில் இல்லை. தோட்டத்து மருந்தகம் மாலையிலேயே பூட்டிவிடும். 1990 ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். அம்மாவோ ஆஸ்பத்திரி வேண்டாம் என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். எனக்கு வாகனம் வேண்டியிருக்கவில்லை. "கொடு" என்றோ "பொறு" என்றோ தொலைபேசியில் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அடுத்தது நாற்றம். இதை யாரும் எழுதுவதில்லை, பேசுவதும் இல்லை. துணியை வேகவைத்து, காயவைத்து, உப்புத் தண்ணீரில் நனைத்துப் புண்ணில் வைத்தேன். ஈ மொய்க்காமல் இருக்க நுளம்பு வலையைப் பகலிலும் கட்டினோம். சாம்பிராணி போட்டோம்; அந்தப் புகை அம்மாவுக்கு இருமலைக் கொண்டுவந்தது. யாராவது வாசலில் நிற்பது தெரிந்தால் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு கட்டத்தில் அம்மாவே, கூட மலையேறிய தோழிகளை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வலியை விட அதுதான் அவரை அதிகமாக அரித்தது என்பது என் அபிப்பிராயம்.

பிறகு பால். எங்கள் பக்கத்தில் உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு விழுங்க முடியாது. ஊற்றினால் புரை ஏறும், கன்னத்து ஓட்டை வழியாகவும் ஒழுகும். ஊற்றாவிட்டால் "பால்கூட வார்க்கவில்லை" என்ற பேச்சு காலத்துக்கும் நிற்கும். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பெரியப்பாவிடம் நான் என்ன சொல்ல முடியும்?

கடைசி நாளில் தொண்டையில் வந்த சத்தம். தண்ணீர் கொதிப்பது போல விடியும்வரை கேட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணன் பிள்ளைகள் தூங்கவில்லை. அம்மாவுக்கு அது வேதனையா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணன் மகளுக்கு இவ்வளவும் சொன்னேன். ஒருத்தியின் கதையை வைத்து ஆய்வு செய்ய முடியாது என்கிறாள்; நியாயம்தான். மலையகத்தில் இப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்து அனுப்பியவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். உங்களிடம் கேட்டால் எதை முதலில் ஆராயச் சொல்வீர்கள்?


ஊவாக்காரன்:

தங்கச்சி, படித்தேன். எங்கள் பக்கமும் இதே கதைதான், ஆள்தான் வேறு. அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். நுரையீரல் புற்றுநோய்.

என்னைக் கேட்டால் முதலில் காசைப் பற்றி ஆராயச் சொல்வேன். மருந்துக் காசைச் சொல்லவில்லை, அது அரசாங்கம் இலவசமாகத்தான் கொடுக்கிறது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள என் மனைவி வேலைக்குப் போகவில்லை. பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு வராதவருக்குப் பேர் விழாது, அன்றைய நாள் வேலைக் கணக்கில் சேராது. பேர் குறைந்தால் சம்பளம் குறையும், சம்பளத்தோடு சேமலாப நிதியும் குறையும். பிறகு அரை நாள் போய்ப் பார்த்தார். பறிக்க வேண்டிய கிலோ வராமல் அரைப்பேர், அதாவது அரை நாள் கணக்குப் போட்டார்கள். நோயாளிக்கு மருந்து இலவசம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பேர் போவதை யாராவது கணக்குப் பார்த்திருக்கிறார்களா? நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானது 2021 இல். அதற்கு எவ்வளவு காலம் சத்தம் போட்டோம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த ஆயிரத்தையும் விட்டுவிட்டுத்தான் மருமகள் மாமனாருக்குக் கஞ்சி ஊட்டினார்.

இன்னொன்று. ஆட்கள் கடைசியில் வீட்டில் சாக விரும்புகிறார்கள் என்று எழுதுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் நான் பார்த்தது வேறு. உயிரோடு கொண்டுவந்தால் ஆட்டோவில் கொண்டுவரலாம். பெட்டியில் கொண்டுவருவதற்கு வேன் பிடிக்க வேண்டும். அந்தக் கூலிக்குப் பயந்தே நிறையப் பேர் ஆஸ்பத்திரியை விட்டுப் போக "துண்டு வெட்டிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இதை விருப்பம் என்று எழுதினால் அந்த ஆராய்ச்சியே பொய்.

மூன்றாவது, அப்பாவிடம் நோயின் பெயரை நாங்கள் சொல்லவே இல்லை. "நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது" என்றோம். டொக்டரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். கடைசியில் ஒரு நாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கியைக் கட்டிவிடு என்றார். மரண உதவிச் சங்கத்தைத்தான் சொன்னார். அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்காக அவரும் தெரியாதது போல இருந்திருக்கிறார். சொல்வது நல்லதா, சொல்லாமல் இருப்பது நல்லதா என்று வெள்ளைக்காரர்களுக்கு ஆராய்ச்சி இருக்கும். எங்கள் ஆட்களை வைத்து யாராவது செய்யட்டும்.

சேலைனையும் எழுதிக்கொள்ளுங்கள். "ஒரு சேலைன்கூட ஏற்றாமல் விட்டுவிட்டார்கள்" என்று சொந்தக்காரர்கள் பேசிய பேச்சில், கடன் வாங்கித் தனியாரிடம் ஏற்றினோம். ஏற்றியதில் கால் வீங்கியது. வேறு என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை.


பனிமூட்டம்:

மன்னிக்கவும், இதற்கெல்லாம் ஆராய்ச்சி எதற்கு? இரவில் ஆள் வேண்டும், பாதை வேண்டும், தமிழ் தெரிந்த தாதி மிஸ்ஸி வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். என் அக்காவைத் தூக்கிக்கொண்டு வர மழையில் பாதை உடைந்து கிடந்தது, பிரதான வீதியிலிருந்து நாற்காலியில் வைத்துச் சுமந்து வந்தோம். அதை ஆராய்ந்து என்ன கண்டுபிடிக்கப்போகிறார்கள்? பாதை உடைந்திருக்கிறது என்றா? எத்தனையோ பிள்ளைகள் வந்து கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டு போனார்கள். பட்டம் வாங்கியிருப்பார்கள். எங்களுக்கு ஒரு தாள்கூடத் திரும்பி வரவில்லை.


கண்டியிலிருந்து ஓய்வுபெற்ற தாதி:

எல்லாருடைய பதிவுகளையும் வாசித்தேன். புற்றுநோய் வாட்டிலும் பிறகு வெளிக்களத்திலும் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

முதலில் மகளுக்கு ஒரு செய்தி. அவள் அத்தையிடம் கேட்ட கேள்வியை ஒரு நாடே கேட்டிருக்கிறது. பிரித்தானியாவில் நோயாளிகள், பார்த்துக்கொள்பவர்கள், பறிகொடுத்த குடும்பத்தார், வைத்தியத் துறையினர் எல்லாரிடமும் "நோய்த்தணிப்புப் பராமரிப்பில் எதை ஆராய வேண்டும்" என்று கேட்டார்கள். ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பின் முறைப்படி, மேரி கியூரி தொண்டு நிறுவனம் முன்னின்று நடத்தியது. 1,400 பேருக்கு மேல் எழுதினார்கள். அதிலிருந்து பத்துக் கேள்விகளைப் பொறுக்கி 2015 ஜனவரியில் வெளியிட்டார்கள். அந்தப் பத்தில் முதலாவது எது தெரியுமா? வேலை நேரம் முடிந்த பிறகு, இரவிலும் விடுமுறையிலும், நோயாளி தான் விரும்பிய இடத்திலேயே இருக்கும்படி எப்படி உதவுவது என்பது. புதிய மருந்து எதுவும் முதலிடத்துக்கு வரவில்லை. நான்காவது, வீட்டில் மருந்து கொடுப்பது உட்படக் குடும்பத்தாருக்கு என்ன தகவலும் பயிற்சியும் தேவை என்பது. லண்டனில் வீட்டு வைத்தியர் இருக்கும் தெருவில் இருப்பவர்களும் தலவாக்கலையில் இருக்கும் நீங்களும் ஒரே கேள்வியைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நீங்கள் கேட்டவற்றில் பாதிக்குப் பதில் ஏற்கனவே இருக்கிறது. அதை மறுபடி ஆராய்ந்து மகளின் ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம்.

மோர்பினை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு ஒருமுறை கொடுக்கும் சாதாரண மோர்பின் என்றால், இடையில் வலி மீறும்போது கொடுப்பதற்கென்று தனியாக ஒரு அளவு எழுதித் தருவது வழக்கம். பெரும்பாலும் அது ஒரு வேளைக்குக் கொடுக்கும் அதே அளவாகத்தான் இருக்கும். எழுதித் தராவிட்டால் வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். நாமாக முடிவு செய்யக்கூடாது. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து கட்டாயம் வேண்டும்.

புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் இருக்கிறது. வயிற்றுக் கிருமிக்குக் கொடுக்கும் அதே மலிவான மருந்துதான். நாற்றத்தை உண்டாக்குபவை ஒட்சிசன் இல்லாத இடத்தில் வளரும் பக்டீரியாக்கள். இந்த மருந்து அவற்றைக் கொல்லும். குளிசையைப் பொடித்துப் புண்ணில் போட்டும், ஜெல்லாகத் தடவியும் பயன்படுத்துகிறார்கள். வைத்தியரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், ஆனால் கேட்கலாம் என்பதாவது வீட்டாருக்குத் தெரிய வேண்டும். உங்கள் அம்மாவுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை என்று வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

ஊவா ஐயா, சேலைன் பற்றி. புற்றுநோய் முற்றிய 129 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குத் தினமும் ஒரு லீட்டரும் மறு பக்கத்துக்கு வெறும் 100 மில்லிலீட்டரும் ஏற்றிப் பார்த்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. 2013 இல் முடிவு வந்தது: சோர்வு, தூக்கக் கலக்கம் போன்றவற்றிலும் சரி, உயிர் வாழ்ந்த காலத்திலும் சரி, இரு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அப்பாவுக்கு ஏற்றாமல் விட்டிருந்தாலும் நீங்கள் குறை வைத்ததாக ஆகாது.

தொண்டைச் சத்தத்துக்கு வருகிறேன். அந்த நேரத்தில் நினைவு மங்கிவிடுவதால் நோயாளியை விடக் கேட்பவர்களுக்கே அது அதிக வேதனை என்பதுதான் வைத்தியர்களின் பொதுவான கருத்து. நெதர்லாந்தில் 157 பேரை வைத்து ஆய்வு செய்து 2021 இல் வெளியிட்டார்கள். சத்தம் வருவதற்கு முன்பே ஸ்கோபோலமைன் பியூட்டைல்புரோமைட் ஊசியைக் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் சத்தம் வந்தது. கொடுக்காதவர்களில் 27 பேருக்கு வந்தது. ஆனால் முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்றால் வீட்டுக்கு யாராவது ஊசியோடு வர வேண்டும். அங்கேதான் நாம் நிற்கிறோம். மருந்து கிடைக்காவிட்டால், ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தால் பலருக்கும் சத்தம் குறையும்.

பாலுக்கு மட்டும் நான் எந்தப் புத்தகத்திலும் பதில் பார்த்ததில்லை. வாட்டில் நாங்கள் செய்தது: ஒரு பஞ்சைப் பாலில் தொட்டு, உதட்டில் மட்டும் ஒற்றச் சொல்வோம். ஒவ்வொருவராக வந்து ஒற்றிவிட்டுப் போவார்கள். யாரும் குறை சொன்னதில்லை, புரையும் ஏறியதில்லை. மகள் இதை எழுதினால் அது புதிய ஆய்வு. நம்மைத் தவிர யாருக்கும் தேவைப்படாத ஆய்வு, ஆகவே நாம்தான் செய்ய வேண்டும்.

பனிமூட்டம் தம்பி அல்லது தங்கச்சிக்கு: தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2019 முதல் 2023 வரைக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென ஒரு தேசியத் திட்டச் சட்டகம் வெளியிட்டது. காகிதத்தில் நல்ல திட்டம். கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கியது, அக்கம்பக்கத்துத் தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு, 2008 இல் மாநில அரசின் கொள்கையாகி, உள்ளூராட்சி மன்றங்கள் மூலம் தாதி வீட்டுக்கு வரும் அளவுக்கு வளர்ந்தது. காகிதம் லயத்துக்கு வருவதற்கு இடையில் என்ன நிற்கிறது என்று யாராவது கணக்கோடு எழுதினால்தான் அதிகாரிகளிடம் சண்டை போடவாவது முடியும். நான் போட்டிருக்கிறேன், கையில் கணக்கில்லாமல். என்னைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.


மேட்டு லயத்து மகள்:

மிஸ்ஸி, மெட்ரோனிடசோல் பற்றிய பத்தியை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். பரவாயில்லை, தெரிந்துகொண்டது நல்லதுதான்.

ஆனால் ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். "பதில் இருக்கிறது, ஆகவே ஆராய வேண்டாம்" என்கிறீர்கள். பதில் எங்கே இருக்கிறது? நீங்கள் வாசித்த சஞ்சிகையில் இருக்கிறது. என் வீட்டில் இருக்கவில்லை. மலிவான ஒரு குளிசை, ஆஸ்பத்திரி அலுமாரியில் இருக்கும் ஒரு குளிசை, எந்த இடத்தில் நின்றுபோய் எங்களிடம் வராமல் போனது? டொக்டருக்குத் தோன்றவில்லையா, நாங்கள் நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டோமா, சொல்லியும் மொழி புரியவில்லையா, கிளினிக்கில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தானா? எனக்குத் தெரிந்து அம்மா கிளினிக்கில் நாற்றம் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. "கொஞ்சம் புண்" என்றார். அப்படியானால் டொக்டர் எப்படி எழுதுவார்? இதுவும் ஆராய வேண்டியதுதானே.

சேலைனும் அப்படியே. 129 பேரின் கணக்கு ஊவா அண்ணனின் மனதுக்கு ஆறுதல். சாவு வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பேசும் சித்தப்பாவின் வாயை அது மூடாது. அவருக்கு யார், எப்போது, எந்த வார்த்தையில் சொன்னால் ஏற்றுக்கொள்வார்? வெள்ளை உடுப்பில் இருப்பவர் சொல்ல வேண்டுமா, கோயில் பூசாரியோ பாதிரியாரோ சொல்லலாமா?

மகளிடம் இரவு தொலைபேசியில் பேசினேன். தாதி மிஸ்ஸியின் பதிவை முழுவதும் வாசித்துக் காட்டினேன். இப்போது அவள் யோசிப்பது இப்படி: வீட்டில் வைத்து இறந்தவர்களின் கடைசி வார இரவுகளில் என்ன தொந்தரவு வந்தது, வீட்டார் யாரைக் கூப்பிட்டார்கள், யார் வந்தார்கள், கையில் என்ன மருந்து இருந்தது, எது இருந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். இவ்வளவுதான். ஊவா அண்ணன் சொன்ன பேர்க்கணக்கையும் ஒரு கேள்வியாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பாலை விடமாட்டேன் என்கிறாள்; அதுதான் அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அவளுக்கு இப்போது இரண்டு சிக்கல். இப்படிப்பட்ட குடும்பங்களை எங்கே தேடுவது? இறந்து எவ்வளவு காலம் கழித்துப் போய்க் கேட்பது?


ஊவாக்காரன்:

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் தேடினால் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போனவர்கள்தான் அகப்படுவார்கள். கிளினிக்கை விட்டுவிட்டவர்கள், பஸ் காசில்லாமல் போகாதவர்கள், நாட்டு வைத்தியரிடம் போனவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். மரண உதவிச் சங்கத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும், சில இடங்களில் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கிறது. பெட்டிக்குக் காசு கொடுத்த கணக்கு எழுதாமல் எந்தச் செயலாளரும் இருக்க மாட்டார். என்ன வருத்தத்தில் போனார் என்று கொப்பியில் இல்லாவிட்டாலும் செயலாளரின் தலைக்குள் இருக்கும்.

கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் போக வேண்டாம், யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். சம்பள நாளிலும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் நல்லது, துணி துவைத்து முடித்திருப்பார்கள். ஆண்களிடம் கேட்டால் எல்லாம் நன்றாக நடந்தது என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.


பனிமூட்டம்:

சரி, கேட்கட்டும். ஆனால் முடிவு வந்ததும் அதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி அந்தச் சங்கங்களுக்கே கொண்டுவந்து வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் என் அக்காவின் கதையை நான் சொல்கிறேன். எங்கள் பிரிவுச் செயலாளரையும் எனக்குத் தெரியும்.


கண்டியிலிருந்து ஓய்வுபெற்ற தாதி:

மரண உதவிச் சங்கம் நல்ல வழி. எனக்கு இது தோன்றவே இல்லை, இவ்வளவு வருடம் வெளிக்களத்தில் நடந்தும். ஒரு எச்சரிக்கை: மகள் செயலாளரிடமிருந்து பெயர்களை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது. செயலாளர் முதலில் வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் வரச் சொன்னால் மட்டும் போக வேண்டும். ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவும் இதைத்தான் கேட்கும்.

காலத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரை பறிகொடுத்தவர்களிடம் நடத்திய தேசிய ஆய்வில், இறந்து 4 முதல் 11 மாதத்துக்குள் கேட்டார்கள். ஜப்பானிலும் இறந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கேள்விக்கொத்து அனுப்பி நாடு தழுவிய ஆய்வுகள் செய்கிறார்கள். நம் ஆட்களுக்குக் கருமாதி முடிந்த கையோடு போகக்கூடாது. வருடத் திவசத்துக்கு மிகவும் நெருங்கியும் வேண்டாம். அஞ்சலில் அனுப்பும் வேலை இங்கே நடக்காது. தபால் தோட்ட அலுவலகத்தில் கிடந்து எப்போது வீட்டுக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும். நேரில் போய் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும், அழுதால் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும்.

பனிமூட்டத்தின் நிபந்தனையை ஆய்வு முன்மொழிவிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் பிறகு தப்ப முடியாது.


மேட்டு லயத்து மகள்:

மகள் சம்மதித்துவிட்டாள். கேள்விகளை எழுதி முடித்ததும் இங்கே போடுகிறேன், வெட்டித் திருத்துங்கள். ஊவா அண்ணன், அண்ணியை நீங்களே ஒருமுறை கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும். எது தேவைப்பட்டது என்று அவர் சொல்வது உங்களுடையதிலிருந்து வேறாக இருக்கலாம்.

மிஸ்ஸி, ஒரு அவசரம். எங்கள் கீழ் லயத்தில் ஒருவருக்கு இப்போது கதிர்ச் சிகிச்சை நடக்கிறது, அவருக்கும் வாய்தான். வாயெல்லாம் வெந்து கிடக்கிறது. அம்மாவுக்குச் சோடாத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லியிருந்தார்கள், அளவு எனக்கு மறந்துபோய்விட்டது. அவருடைய மனைவி வந்து கேட்டுக்கொண்டு நிற்கிறார்.


கண்டியிலிருந்து ஓய்வுபெற்ற தாதி:

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீட்டர். அதில் அப்பச் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி. கலக்கி மூடி வைத்து, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் படுப்பதற்கு முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக்கூடாது. மிஞ்சியதை ஊற்றிவிட்டு மறுநாள் புதிதாகக் கலக்க வேண்டும். காரமும் சூடான தேநீரும் வேண்டாம். வெற்றிலையை விட்டுவிட்டாரா என்று கேளுங்கள். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும். காய்ச்சல் வந்தாலோ தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம், அன்றே கொண்டுபோகச் சொல்லுங்கள்.